கிட் விமானம் கட்ட டூல்ஸ் எங்கே வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் டூல்ஸ் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட்டவர்கள் எல்லோருமே அமெரிக்காவில் இருப்பவர்கள், அலுமினியக் கிட் (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்தும் விமானம்) கட்டுபவர்கள். அதனால் கடைகளும் அங்கே உள்ளவைதான்.

கேள்வி: வேன்ஸ் கம்பெனியின் ஆர்வி-14 விமானத்துக்கு வால் பகுதிக் கிட் ஆர்டர் போட்டுவிட்டேன். டூல்ஸை முழு செட்டாக ஒரே கடையில் வாங்கலாமா, தனித்தனியாகத் தேடி வாங்கலாமா?

பதில்: ரிவெட்டையும் (தகடுகளை இணைக்கும் சிறு ஆணி) தகட்டையும் நேரடியாகத் தொடும் டூல்ஸ் அத்தனையையும், அதாவது ரிவெட் கன் (ரிவெட்டை அடிப்பது), ஸ்க்வீசர் (ரிவெட்டை அழுத்திப் பதிப்பது), டிம்பிள் டை (ரிவெட் தலை உட்காரத் தகட்டில் குழி போடுவது), பக்கிங் பார் (அடிக்கும்போது மறுபக்கம் தாங்கும் கனமான உலோகக் கட்டி), கிளீகோ (ரிவெட் போடும் வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பது) எல்லாவற்றையும், விமான டூல்ஸை மட்டுமே தொழிலாகச் செய்யும் கடையில் வாங்குங்கள். மற்றதை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அயோவா மாநிலம் பூனில் கிளீவ்லேண்ட், ஓக்லஹோமா சிட்டியில் பிரவுன், ஃபுளோரிடாவில் பான் அமெரிக்கன் டூல், விமானத் தொழிற்சாலைகள் நிறைந்த விச்சிட்டாவில் யார்ட்ஸ்டோர் என்று நல்ல கடைகள் இருக்கின்றன. ஏர்கிராஃப்ட் ஸ்புரூஸில் டூல்ஸ் மட்டுமில்லாமல் போல்ட், நட், ஹோஸ் வரைக்கும் கிடைக்கும்.

முதல் முறை கட்டுபவருக்கு செட் நல்லதுதான், எது வேண்டும் என்றே தெரியாத நிலையில் ஒவ்வொன்றாகத் தேடினால் பாதி மறந்துபோகும். ஆனால் செட்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை வாங்கி, உங்கள் கிட்டின் பிளானைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆர்வி-14-இல் பெரும்பாலான துளைகள் கடைசி அளவிலேயே வந்துவிடுகின்றன. அதே கம்பெனியின் ஆர்வி-7 போலத் துளை துளையாக மறுபடி டிரில் ஓட்டும் வேலை குறைவு, விலை கூடிய ஏர் டிரில் உங்களுக்கு அவசரமில்லை.

ஆர்டர் போடும் முன் ஒரு தடவை கடைக்குப் போன் செய்யுங்கள். "ஆர்வி-14 வாலுக்கு ஸ்க்வீசரில் எந்த யோக் வேண்டும்?" என்று கேளுங்கள் (யோக் என்பது ஸ்க்வீசரில் மாற்றி மாட்டும் வாய்ப் பகுதி). எதிர்முனையில் இருப்பவர் ரிவெட் அடித்துப் பழகியவர் என்றால் உங்களிடமே நாலு கேள்வி திருப்பிக் கேட்பார். வெறும் கேட்லாக் நம்பரைப் படித்துச் சொல்கிறார் என்றால் வேறு கடையைப் பாருங்கள். நான் விலையைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் பாதி ராத்திரி வேலை நின்றுபோய், மறுநாள் காலையில் சந்தேகம் கேட்கும்போது பதில் சொல்லப்போவதும் அவர்தான்.

கேள்வி: ஹார்பர் ஃபிரெய்ட், ஹோம் டிப்போ மாதிரி கடைகளில் விலை ரொம்பக் குறைவு. எதையெல்லாம் அங்கே வாங்கலாம்?

பதில்: நிறைய வாங்கலாம். கம்ப்ரசர், பெஞ்ச் கிரைண்டர், கிளாம்ப், அரம், வேலைமேசைக்கு மரம், காது மூடி, கண்ணாடி, இதற்கெல்லாம் விமானக் கடை விலை கொடுக்கத் தேவையே இல்லை. கிரைண்டரில் ஒரு பக்கக் கல்லைக் கழற்றிவிட்டு ஸ்காட்ச்-பிரைட் சக்கரம் (நார் போன்ற தேய்ப்புச் சக்கரம்) மாட்டினால் தகட்டு ஓரத்துப் பிசிறு எடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் சில டூல்ஸ் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளுக்குள் அளவு வேறு. அங்கேதான் ஏமாந்துபோவோம். விமான ரிவெட்டான ஏஎன்426-இன் தலை 100 டிகிரி சரிவு. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் கவுண்டர்சிங்க் பிட் (தலை உட்காரச் சரிவாகக் குடைவது) பெரும்பாலும் 82 டிகிரி, மரத்திருகுக்கும் சாதாரண ஸ்குரூவுக்கும் செய்தது. அதை வைத்துக் குடைந்தால் ரிவெட் தலை ஓரத்தில் மட்டும் ஒட்டி நிற்கும், முழுதாக உட்காராது. அப்படித்தான் குழாயின் வாயை விரிக்கும் ஃபிளேரிங் டூலும்: காருக்கு 45 டிகிரி, ஏஎன் எனும் விமானத் தர இணைப்புகளுக்கு 37 டிகிரி. பெட்ரோல் குழாயில் இதை மாற்றிச் செய்தால் கசியும்.

நட்டை எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சும் இதே கதைதான். 3/16 அங்குல ஏஎன்3 போல்ட்டின் நட்டுக்குச் சாதாரணமாக 20-25 இன்ச்-பவுண்டு போதும், அதாவது சுமார் 2 ஃபுட்-பவுண்டு. கார் சக்கரத்துக்கான ரெஞ்ச் பத்து, இருபது ஃபுட்-பவுண்டில்தான் தொடங்கும், அது 'கிளிக்' என்று சொல்வதற்குள் போல்ட் போய்விடும். இன்ச்-பவுண்டு அளவு போட்டது எங்கே கிடைத்தாலும் வாங்கலாம், அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துக்கொண்டால் போதும்.

உளி மாட்டி அடிக்கும் மலிவான ஏர் ஹாமரை ரிவெட் கன்னாகப் பயன்படுத்தலாமா என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். வேண்டாம். நல்ல ரிவெட் கன்னின் டிரிக்கரை லேசாக அழுத்தினால் மெல்லத் தட்டும், அழுத்த அழுத்த வேகம் கூடும். ஏர் ஹாமருக்கு அந்த நிதானம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே வெளுத்து வாங்கும். மெல்லிய தகட்டில் ஒரே ஒரு தவறான அடி விழுந்தால் போதும், அந்தப் பள்ளம் பெயின்ட் அடித்த பிறகும் தெரியும்.

கேள்வி: விமானத்தை முடித்த ஒருவர் தன் டூல்ஸை மொத்தமாக விற்கிறார். வாங்கலாமா?

பதில்: தாராளமாக. இந்த டூல்ஸுக்கு மறுவிற்பனை விலை நன்றாகவே நிற்கும், நாளைக்கு நீங்களும் முடித்துவிட்டு விற்கலாம். போகும்போது ஒரு துண்டு அலுமினியத் தகடும் கொஞ்சம் ரிவெட்டும் கொண்டுபோங்கள். அவருடைய டையால் ஒரு டிம்பிள் போட்டுப் பாருங்கள். குழியைச் சுற்றி வட்டமாகக் கோடு விழுந்தாலோ, டையின் முகத்தில் நகத்தை ஓட்டும்போது எங்காவது தட்டினாலோ டையை மட்டும் விட்டுவிடுங்கள், அது புதிதாக வாங்க வேண்டியது. பக்கிங் பார் தேயாது, முகம் வழுவழுப்பாக இருந்தால் போதும். டங்ஸ்டன் பார் கிடைத்தால் விடாதீர்கள், அதே அளவு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம் என்பதால் சின்ன இடுக்கில் அதுதான் கைகொடுக்கும்.

கிளீகோவில் 3/32 அளவு வெள்ளி நிறம், 1/8 செம்பு நிறம். வெள்ளிதான் நூற்றுக்கணக்கில் வேண்டும். குறட்டில் பிடித்து அழுத்தி, முனை வளையாமல் நேராக நீள்கிறதா என்று சிலவற்றைப் பார்த்துவிட்டு மொத்தமாக அள்ளிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நியூமேடிக் (காற்றழுத்த) ஸ்க்வீசர் விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கையால் அழுத்துவது போதாதா?

பதில்: போதும். ஆனால் ஒரே ஒரு பெரிய செலவு செய்யலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 3/32 ரிவெட்டுக்குக் கை ஸ்க்வீசர் சுகமாக இருக்கும், 1/8 வரிசையாக வரும்போது கை தளர்ந்து ஸ்க்வீசர் சாய ஆரம்பிக்கும், ரிவெட்டும் கூடவே சாயும். காற்று ஸ்க்வீசரில் முதல் ரிவெட்டும் நூறாவது ரிவெட்டும் ஒரே மாதிரி உட்காரும்: அடித்த பக்கத் தலையின் அகலம் ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. பழையது என்றாலும் பரவாயில்லை. சிபி-214 வகை என்றால் யோக் பல கடைகளில் கிடைக்கும், வேறு வகை என்றால் யோக் பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் கட்டப்போவது ஆர்வி-12. இதே பட்டியல்தானா?

பதில்: இல்லை. ஆர்வி-12-இல் பெரும்பாலும் ஒரு பக்கமிருந்தே இழுத்து அடைக்கும் பிளைண்ட் ரிவெட்டுகள்தான், ஜெனித் கம்பெனியின் கிட் விமானங்களும் அப்படியே. ரிவெட் கன், பக்கிங் பார் செலவு மிச்சம். அந்தக் காசில் காற்றில் ஓடும் நல்ல ரிவெட் புல்லர் ஒன்று வாங்குங்கள். ஜெனித் கட்டுபவர்கள் புல்லரின் முனையை அந்தக் கிட்டுக்கென்று மாற்ற வேண்டும், அதைக் கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓஷ்கோஷ் ஏர்வென்ச்சர் வரை காத்திருந்து வாங்கினால் மலிவாகக் கிடைக்குமா?

பதில்: விஸ்கான்சின் மாநிலம் ஓஷ்கோஷில் நடக்கும் அந்த விமான விழா ஜூலை கடைசியில்தான். கிட் அதற்குப் பிறகுதான் வருகிறது என்றால் காத்திருங்கள், பல கடைக்காரர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம், ஸ்க்வீசரைக் கையில் பிடித்துக் கனம் பார்க்கலாம். கிட் ஏற்கெனவே கேரேஜில் கிடக்கிறது என்றால் தள்ளுபடிக்காக மாதக்கணக்கில் உட்கார வேண்டாம். எதற்கும் முதலில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஈஏஏ (சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கம்) சாப்டரில் சேருங்கள். எப்போதோ ஒருமுறை தேவைப்படும் டூல்ஸை அங்கே இரவல் வாங்கலாம், கட்டி முடித்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுப்பார்கள்.

கேள்வி: வயரிங்குக்கான கிரிம்ப் டூலையும் (வயர் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்துவது) இப்போதே செட்டோடு சேர்த்து வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். வாங்கும்போது ராட்செட் உள்ளதாகப் பாருங்கள், முழுதாக அழுந்தினால்தான் அது பிடியை விடும். ரேடியோ, டிஸ்ப்ளே கனெக்டர் பின்களுக்குத் தனி டூல் வேண்டும். இவற்றை மினசோட்டாவில் உள்ள ஸ்டீன்ஏர் மாதிரி ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) கடையில் வாங்குவது நல்லது. என்ன கருவிப் பேனல் போடப்போகிறீர்கள் என்று முடிவான பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வாலை முடியுங்கள்.