முதலில் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 47 வயது. ஈரோட்டில் இருக்கிறோம். மகன் கல்லூரி விடுதிக்குப் போன நாளிலிருந்து, அதாவது இரண்டு வருடமாக, எனக்குச் சரியான தூக்கமே இல்லை. ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன், கண் அசர பதினொன்றரை ஆகிவிடும். இரண்டு மணிக்கு முழிப்பு தட்டினால் அதோடு சரி. நாலரைக்கு மேல் கொஞ்சம் கண் அயர்ந்து ஆறு மணிக்கு எழுந்துகொள்வேன். ஜாதிக்காய்ப் பால், கசகசா, தலையணைக்கடியில் மருதாணிப்பூ, உள்ளங்காலில் எண்ணெய், மெலட்டோனின் எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு மாதமாகத் தெரிந்த மருந்துக்கடையில் வாங்கி அல்பிரசோலம் அரை மாத்திரை போடுகிறேன். இப்போது அதுவும் கேட்பதில்லை. நிரந்தரமாகத் தூங்க ஏதாவது ஒரு நல்ல மருந்து சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: ஈரோட்டுத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த மருதாணிப்பூவை நானும் வைத்திருக்கிறேன். ஆறு வருடம் தூங்காமல் கிடந்தவள் நான். மருத்துவர் இல்லை. பட்டதையும், பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் உட்கார்ந்து கற்றதையும்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ‘நிரந்தரமாகத் தூங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். கை போன போக்கில் வந்த வார்த்தை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன், ஆனாலும் கேட்காமல் விட மனசு வரவில்லை. வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி எண்ணம் எப்போதாவது வந்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மகன் விடுதிக்குப் போன நாளை இவ்வளவு சரியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அதனால்தான் கேட்டேன்.

அடுத்தது மாத்திரை. தூக்கம் வரவில்லையே என்று அரையை ஒன்றாக்காதீர்கள். கோபத்தில் இன்றைக்கே தூக்கி எறியவும் வேண்டாம், அது அதைவிட மோசம். மாதக்கணக்கில் போட்ட அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால், போன தூக்கம் இன்னும் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போயிருக்கிறது. ஒரு மருத்துவர் பார்த்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, சீட்டோடு விற்றாலும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் ‘தெரிந்த கடை’ உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

மற்ற வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருதாணிப்பூ மணக்கும், எண்ணெய் இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. ஜாதிக்காய் அளவு மீறினால் படபடப்பும் குமட்டலும் வரும், சிட்டிகைக்கு மேல் கூட்டாதீர்கள். மெலட்டோனின் உடம்புக்கு ‘இருட்டிவிட்டது’ என்று சொல்லும் சமிக்ஞை, அவ்வளவுதான். விமானத்தில் அமெரிக்கா போய் வந்தவர்களுக்குப் பிரயோஜனப்படும். நம்மைப் போல நாள்பட்டுத் தூங்காதவர்களுக்கு அதைத் தர வேண்டாம் என்றே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2017-இல் சொல்லிவிட்டது.

ஆனால் இவை பலிக்காததைவிட எனக்குப் பெரிய தொந்தரவாகப் படுவது வேறு. ஒவ்வொரு ராத்திரியும் புது வைத்தியத்தோடு படுக்கப் போகும்போது, ‘இன்றைக்காவது வருமா’ என்று நாமே காவல் காக்கிறோம். காவல் காக்கிற ஆள் எங்கே தூங்குவது? எனக்கு அந்த இரண்டு மணி நன்றாகத் தெரியும். ஃபிரிட்ஜ் ஒரு உதறு உதறி நிற்கும். கடிகாரத்தைப் பார்ப்பேன், 2.10. இப்போது தூங்கினால்கூட மூன்றே முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவேன். அப்புறம் 2.50. கணக்கு மாறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கத்தில் வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விடுவார், அந்த மூச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும்.

உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். மகன் போன கவலையில் ஆரம்பித்தது, சரி. ஆனால் அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது தூக்கத்தைக் கெடுப்பது ஒன்பது மணிக்கே கட்டிலுக்குப் போய் ஒன்பது மணி நேரம் கிடப்பது. அதில் தூங்குவது நாலு மணி நேரம், மீதி ஐந்து மணி நேரம் புரளுவது. இரண்டு வருடம் இப்படிப் போனால், கட்டிலைப் பார்த்ததுமே உடம்பு விழித்துக்கொள்ளப் பழகிவிடும். சோபாவில் டிவி பார்த்துக்கொண்டே தலை சாய்கிறது, எழுந்து படுக்கப் போனால் கண் திறந்துகொள்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மருத்துவர் எனக்குச் சொன்ன வழியைக் கேட்டதும் சண்டைக்கே போனேன். தூக்கமே இல்லாதவளை இன்னும் குறைவாகப் படு என்கிறாரே! ஆனால் இது யாரோ ஒருவர் புதிதாகக் கிளப்பிவிட்டதில்லை. தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடு என்பதை ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் சொன்னார், படுக்கை நேரத்தைச் சுருக்கும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் என்ற இன்னொரு உளவியலாளரின் குழு 1987-இல் கொண்டுவந்தது. இரண்டும் சேர்ந்த பேச்சு சிகிச்சையைத்தான் மாத்திரைக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

உங்கள் கணக்குக்கு இப்படி வரும். ராத்திரி 12 மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது. காலை 5.30-க்கு எழுந்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான், ராத்திரி முழுக்கத் தூங்காவிட்டாலும்தான். பகலில் படுக்கை கிடையாது. ஒரு வாரம் போனதும் பாருங்கள், அந்த ஐந்தரை மணி நேரத்தில் நாலே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குகிறீர்களா? அப்படியானால் 11.45-க்குப் படுக்கலாம். இப்படி வாரம் ஒரு கால் மணி நேரம்தான் கூட்ட வேண்டும்.

நடுவில் முழித்து, கால் மணி நேரம் மாதிரி தோன்றியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். போன் வேண்டாம். கடிகாரத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். நான் கூடத்தில் மங்கல் விளக்கில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வேன். ராத்திரியில் கீரையைத் தொடுவார்களா என்று மாமியார் திட்டுவார். தொட்டேன். அதைவிடச் சலிப்பான வேலை உலகத்தில் இல்லை, காம்பும் இலையுமாக ஒரு கைப்பிடி சேர்வதற்குள் கண் சொக்கும், அப்போது போய்ப் படுத்தால் போதும். சில நாள் ஒரே ராத்திரியில் மூன்று தடவை எழுந்திருக்கிறேன், ஒரு வாரம் தினம் கீரைக்கூட்டுதான் வீட்டில்.

முதல் இரண்டு வாரம் பகலில் பேய் பிடித்த மாதிரி இருக்கும், மறைக்கவில்லை. அந்த நாட்களில் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். வலிப்பு நோயோ, மனம் சில நாள் ஒரேயடியாகப் பொங்கி சில நாள் அடங்கிப்போகும் நோயோ உள்ளவர்கள் இதைத் தானாகச் செய்யக் கூடாது. நீங்களும் மாத்திரையில் இருப்பதால் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

போகும்போது மூன்றைக் கேளுங்கள். தைராய்டு. இரும்புச்சத்து, அதிலும் ராத்திரியில் கால் குடைச்சல் எடுத்தால், உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு. அப்புறம் மாதவிலக்கு நிற்கிற வயசு, நடுராத்திரியில் குப்பென்று வேர்த்து முழிக்கிறீர்களா என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்பதை வீட்டுக்காரரிடம்தான் கேட்க முடியும், அப்படி இருந்தால் இந்தத் தூக்க மாத்திரை ஆபத்து.

சாயங்காலம் ஐந்து மணி காபியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, ஈரோட்டில் அது இல்லாமல் இருக்காது என்று ஊகிக்கிறேன். குடித்த காபியில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். காலையில் முகத்தைப் பார்த்ததும் ‘நேற்று தூங்கினாயா?’ என்று கேட்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். 5.30-க்கு எழுப்பிவிட்டு, காபி ஆறுகிறது என்று மட்டும் சொன்னால் போதும். ஆறு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.