பேரையூர்ப் பக்கம் மூன்றரை ஏக்கர் கரிசல்: குடிபோகலாமா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் வசிக்கிறோம், குடும்பத்தில் ஐந்து பேர். 2020 ஊரடங்கு மாதங்களில் பட்ட பாட்டுக்குப் பிறகு, சொந்த நிலத்தில் விளைந்ததை உண்டு, ஓராண்டுக்கு வேண்டியதைக் கைவசம் வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று எண்ணுகிறேன். பேரையூர் வட்டத்தில், பேருந்துச் சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, மூன்றரை ஏக்கர் மானாவாரிக் கரிசல் விலைக்கு வருகிறது. பழைய ஆழ்துளைக் கிணறு ஒன்று இருக்கிறது. மார்கழியில் பார்த்தபோது கண்மாயில் தண்ணீர் கிடந்தது. இரண்டு மாடும் பத்து ஆடும் வைத்துக்கொண்டு அங்கே பிழைக்க முடியுமா?

பதில்: மார்கழியில் பார்த்த நிலத்தை இன்னும் பார்க்கவில்லை என்றே கொள்ளுங்கள். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைத்துவிடுவதால், மார்கழியில் எந்தக் காடும் பசுமையாகத்தான் இருக்கும். நிலம் விற்பவர்களும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் ஆளை அழைத்துப் போகிறார்கள். நீங்கள் சித்திரைக் கடைசியில் ஒருமுறையும், ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்து விட்ட மறுநாள் ஒருமுறையும் போய்ப் பார்க்க வேண்டும். முதல் பயணத்தில் தண்ணீரின் நிலை தெரியும். இரண்டாவது பயணத்தில் பாதையின் நிலை தெரியும். கரிசலில் மழை விழுந்தால் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு வண்டி நகராது. அந்த நான்கு கிலோமீட்டரில் கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதையாக இருந்தாலும், பாம்புக்கடியோ பிரசவ வலியோ வரும் இரவில் ஆம்புலன்ஸ் உங்கள் வாசலுக்கு வராது.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 தொடக்கத்தில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையில் இந்த ஊர் எங்கே குடிநீர் எடுத்தது, மாடுகளை விற்றதா, வைத்திருந்ததா, பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் எத்தனை வற்றாமல் நின்றன என்று விசாரியுங்கள். மண் பரிசோதனை அறிக்கையைவிட அந்தப் பதில் உங்களுக்கு அதிகம் பயன்படும். கால்வாய் வரும் என்ற பேச்சைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாயே வைகை அணை நிரம்புகிற ஆண்டுகளில்தான் தண்ணீரைக் காண்கிறது.

இனித் தண்ணீர்க் கணக்கு. ஆளுக்கு 55 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 275 லிட்டர், நாட்டு மாடு இரண்டுக்கு 100 லிட்டர், பத்து ஆட்டுக்கு 50 லிட்டர் என்று, பயிருக்கு ஒரு சொட்டும் விடாமலே 425 லிட்டர் வேண்டும். தையிலிருந்து ஆவணி வரையிலான எட்டு மாதத்துக்கு இது ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் இயல்பான ஆண்டில் அறுபதாயிரம் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மழைநீர் பிடிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் எட்டு மாதத்துக்கு 12,000 லிட்டர் போதும். அந்த அளவுக்கு மூடிய தரைத்தொட்டி ஒன்றை வீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கரிசல் மண் ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் என்பதால், வீட்டுக்கும் தொட்டிக்கும் அஸ்திவாரத்தை அனுபவமுள்ள பொறியாளரைக் கேட்டே போட வேண்டும்.

மீதிக்கு ஆழ்துளைக் கிணற்றையே நம்ப வேண்டியிருக்கும். சித்திரையில் ஒரு பகல் முழுவதும் மோட்டாரை ஓடவிட்டு, எப்போது தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று பாருங்கள். அதே தண்ணீரில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு ஆகியவற்றைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதியுங்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குடிக்கக் கூடாது. கரிசலில் உவர்த் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் சில ஆண்டுகளில் மண்ணே கெட்டுவிடும். பயிரைக் காப்பாற்றப் பண்ணைக்குட்டைதான் வழி: 20 மீட்டர் நீள அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும், சரிவான கரைகளும் உடைய குட்டை ஆறரை லட்சம் லிட்டர் கொள்ளும். ஓர் ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயிர்த்தண்ணீர், அதாவது வாடும் பயிரைக் காப்பாற்றும் ஒரு பாய்ச்சல், கட்ட இரண்டு லட்சம் லிட்டர் ஆகும். கோடையில் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகிப் போவதால், குட்டைத் தண்ணீரைக் கதிர் பிடிக்கும் பருவத்திலேயே செலவழித்துவிடுங்கள்.

விளைச்சலைப் பொறுத்தவரை, நல்ல மழை ஆண்டில் இரண்டு ஏக்கர் குதிரைவாலியும் கம்பும் ஏறத்தாழ ஒரு டன் தானியம் தரலாம். மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட மதுரை 1 குதிரைவாலி நூறு நாளைக்குள் அறுவடைக்கு வந்துவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால் ஆண்டுக்கு உமி நீக்கிய சிறுதானிய அரிசி 730 கிலோ வேண்டும். குதிரைவாலியைக் குத்தினால் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உமியாகப் போய்விடும் என்பதால் கணக்கு இழுபறியாகத்தான் நிற்கிறது. மழை பொய்த்த ஆண்டில் விதையும் திரும்பாது. எனவே ஓராண்டு இருப்பு என்ற உங்கள் எண்ணத்தை இரண்டாண்டாக்குங்கள். உமி நீக்காத சிறுதானியம் நன்கு காய்ந்திருந்தால் கெடாது. துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து வைக்கும் பழைய வழக்கம் இன்றும் நல்ல வழக்கமே. கூடவே மயிலையும் காட்டுப்பன்றியையும் எண்ணிக்கொள்ளுங்கள். கிளுவை வேலி போட்டாலும் இரவுக் காவல் தப்பாது.

மாட்டில் என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: ஒன்று போதும். ஒரு நாட்டு மாட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு டன் காய்ந்த தீவனம் வேண்டும். ஓர் ஏக்கர் சோளத்தட்டை அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். கலப்பினப் பசு இந்த வெயிலுக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஆகாது. கன்னி ஆடு பத்து வைப்பதில் தடையில்லை. ஆனால் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறதா, சீமைக்கருவேலம் அதை மூடிவிட்டதா, கால்நடை மருந்தகம் எத்தனை தொலைவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் வாங்கி, நிலத்துக்கு வண்டிப்பாதை அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாய்வழிப் பாதை உரிமை நிலம் கைமாறியதும் வம்பாகும். சித்திரையில் கிணறு ஒரு பகல் தாங்கி, தண்ணீரும் குடிக்கத் தக்கதாக இருந்தால், மூன்றரை ஏக்கரில் ஒரு மாட்டோடு, மதுரையில் ஒருவர் வருமானத்தை முதல் மூன்றாண்டு விடாமல் வைத்துக்கொண்டு, குடிபோகலாம். அதுவரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.