மருத்துவர் பெயரில் ஓர் உதவித்தொகை

கேள்வி: ராணுவ மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற பின், பாம்புக்கடி, விபத்து என்று வந்தவர்களுக்கு நள்ளிரவிலும் சிகிச்சை அளித்த எங்கள் கிராமத்து மருத்துவர் மறைந்துவிட்டார். அவர் நினைவாக உதவித்தொகை தொடங்க விரும்புகிறோம், யாருக்கு வழங்கலாம்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வீட்டுக்கு வீடு படைவீரர்களை அனுப்பிய கம்மவான்பேட்டை இருக்கும் வேலூர் மண்ணில் இப்படியோர் எண்ணம் எழுந்தது மனத்தை நெகிழச் செய்கிறது. 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பதால், செவிலியர் படிப்பும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் படிப்பும் பயிலும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வழங்குவதே பொருத்தம் என்பேன். மருத்துவமனையை அடையும் முன்பே உயிரைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அத்தகையோரின் கைகள்தாம். அறக்கட்டளையைப் பதிவு செய்து, திரளும் தொகையை வைப்புநிதியாக்கி, வட்டியை மட்டும் செலவிடுங்கள்: 10 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். முன்னாள் படைவீரர் குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்கேனும் அதில் இடம் ஒதுக்குங்கள்.