இணையத்தில் பிள்ளைகள் பாதுகாப்பு என்று பேசும் நிபுணர்களால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கீழே விளக்கமும் எழுதியிருக்கிறார். மகள் படிக்கும் பள்ளிக்கு யாரோ 'சைபர் நிபுணர்' வந்து ஒரு மணி நேரம் பேசினாராம். சாரம்: பிள்ளைகளிடம் போன் கொடுக்காதீர்கள். இதைச் சொல்ல என் அம்மாச்சியே போதுமே, நிபுணர் எதற்கு என்கிறார். கோபம் நியாயம்தான். ஆனால் பதில் 'பயன் உண்டு' என்பதே. எனக்கு அது தெரிய வந்தது ஒரு கெட்ட நாளில்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் பதினோரு வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது பெற்றோர்கள்தான். "பையன் போனுக்கு ஏதாவது பூட்டுப் போட்டுக் குடுங்க தம்பி." 2017-ல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிற விளையாட்டு என்று புளூவேல் பீதி வந்தபோது ஒரே வாரத்தில் முப்பது பேராவது போனை நீட்டி "இதுல அந்த கேம் ஏறியிருக்கா பாருங்க" என்று கேட்டிருப்பார்கள். அப்படி ஒரு ஆப் கிடையாது என்றால் நம்பவில்லை. டிவியில் வந்தது, பள்ளியில் சொன்னார்கள் என்றார்கள். கடைசியில், 2018 ஜனவரியில், விசாரித்த குழு எந்தச் சாவிலும் அந்த விளையாட்டின் பங்கை உறுதிசெய்ய முடியவில்லை என்று மத்திய அரசே மக்களவையில் சொன்னது. அதைக் கேட்க யாரும் கடைக்கு வரவில்லை.

அந்த மாதிரிப் பேச்சாளர்களை நான் நிபுணர் கணக்கில் சேர்ப்பதில்லை. பீதியைக் கிளப்புவதற்குப் படிப்பு வேண்டாம்.

இனி அந்த நாள். என் அக்கா மகன், ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து ஓரமாக நின்றான். இரண்டு வாடிக்கையாளர் போகும் வரை நின்றான். பிறகு போனைக் கண்ணாடி மேல் குப்புற வைத்து, "மாமா, இதுல எல்லாத்தையும் அழிச்சு புதுசு மாதிரி ஆக்கிரு" என்றான். ஏன்டா என்றேன். ஹேங் ஆகிறது என்றான். புதுப் போன், எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவன் கை வேர்த்துக் கண்ணாடியில் விரல் தடம் பதிந்திருந்தது.

அரை மணி நேரம் ஆயிற்று சொல்ல. பெண் பெயரில் ஒரு கணக்கு, இரண்டு நாள் பேச்சு, அங்கிருந்து ஓர் அந்தரங்கப் படம் வந்தது, இவனும் தன்னுடையதை ஒன்று அனுப்பிவிட்டான். அடுத்த நிமிடமே இவன் நண்பர்கள் பட்டியலை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, ஐயாயிரம் போடு, இல்லையென்றால் எல்லோருக்கும் போகும் என்றிருக்கிறார்கள். அக்கா போனிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு அனுப்பியிருக்கிறான். அனுப்பியதும் இன்னும் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு வந்த முதல் ஆசை அவனை ஓர் அறை விடுவது. இரண்டாவது, அவன் கேட்ட மாதிரியே எல்லாவற்றையும் அழித்துவிடுவது. இரண்டும் தப்பு என்று எனக்குச் சொன்னது 1098-ல் பேசிய ஒரு பெண். சிறார் உதவி எண் அது. 1996-ல் மும்பையில் ஆரம்பித்தது, இப்போது அரசே நடத்துகிறது. நான் மூச்சு விடாமல் கதையைக் கொட்டினேன். அவர் முதலில் கேட்டது: "பையன் உங்ககூட இருக்கானா? சாப்பிட்டானா?" அடுத்தது: "ராத்திரி தனியாப் படுப்பானா?" படத்தைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச்சே.

ஏன் அப்படிக் கேட்டார் என்று பின்னால் படித்துப் புரிந்துகொண்டேன். இந்த மிரட்டலுக்கு ஆளாகிறவர்களில் பதின்வயதுப் பையன்கள் அதிகம், பணம் பறிப்பதே நோக்கம், உயிருக்கு ஆபத்து முதல் சில மணி நேரத்திலேயே வரலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2022-ல் பதினேழு வயதுப் பையன் ஒருவன் மிரட்டல் தொடங்கிய அதே இரவில் உயிரை விட்டான். மிரட்டிய நைஜீரியச் சகோதரர்கள் இருவரைக் கொண்டுவந்து 2024-ல் தலா பதினேழரை ஆண்டு சிறையில் போட்டார்கள். ஆக, 'சாப்பிட்டானா' என்பது உபசாரக் கேள்வி இல்லை.

அவர் சொன்னவை: இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள். அந்தக் கணக்கின் பெயர், மிரட்டிய பேச்சு, பணம் போன எண் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள், பிறகு தடுத்துவிடுங்கள். பணம் போனதற்கு உடனே 1930-க்கு, இணையப் பண மோசடிப் புகார் எண்ணுக்கு, கூப்பிடுங்கள். பையனின் படத்தை மட்டும் 'ஆதாரம்' என்று யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், குடும்பத்துக்குள்கூட. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் போக்சோவில், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தில், வரும்.

அப்புறம் தேடும்போதுதான் 'டேக் இட் டவுன்' கண்ணில் பட்டது. காணாமல்போன, சுரண்டப்படும் சிறார்களுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023-ல் ஆரம்பித்த இலவச சேவை. பதினோரு வருடம் போன் திறந்து மூடுகிறவன் நான், இதைப் பார்த்து அசந்துபோனேன். படத்தை எங்கும் அனுப்ப வேண்டாம். நம் போனிலேயே அந்தப் படத்திலிருந்து ஒரு நீள எண் உருவாகும், கைரேகை மாதிரி. அந்த எண் மட்டும்தான் வெளியே போகும். சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்த எண்ணோடு ஒத்துப்போகிற படம் தங்கள் தளத்தில் ஏறினால் தூக்கிவிடும். எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. படத்துக்கு இப்படி 'கைரேகை' எடுப்பதில் பெரிய வேலை செய்தவர், அப்போது டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹேனி ஃபரீத். மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து 2009-ல் ஃபோட்டோடிஎன்ஏவை உருவாக்கினார். குறையும் உண்டு: சேராத தளத்தில் பலிக்காது, பேசுகிற இருவர் தவிர யாரும் பார்க்க முடியாதபடி மறையாக்கம் செய்த உரையாடலுக்குள்ளும் எட்டாது.

அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செய்தோம். படத்தை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் திரும்பி உட்கார்ந்து சுவரில் தொங்கிய டெம்பர் கிளாஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு. "முடிஞ்சிச்சு மாமா" என்றபோது அவன் குரல் கொஞ்சம் பழைய குரலாக இருந்தது.

மறுநாள் புகார் கொடுக்கப் போன இடத்தில் ஒருவர், "பையன்தானே, பொண்ணா இருந்தாத்தான் யோசிக்கணும்" என்றார். போக்சோவில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதமே கிடையாது. 2012-லிருந்து சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதை நான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மனப்போக்கை மாற்றத்தான் பலர் வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறார்கள். சொற்களைக்கூட விடுவதில்லை. சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில், இப்படிப்பட்ட படங்களைத் தரவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொல்ல, ஒரு சிறார் உரிமைக் கூட்டமைப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே விட்டுவிட்டு, குழந்தையைச் சுரண்டியதன் பதிவு என்ற பொருளில் பேசுங்கள் என்றும் சொன்னது. சொல்லில் என்ன இருக்கிறது என்று முன்பு நானும் கேட்டிருப்பேன். 'ஆபாசப் படத்துல மாட்டின பையன்' என்று ஊர் பேசுவதற்கும் 'பையனை மிரட்டியிருக்காங்க' என்பதற்கும் உள்ள தூரம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, அந்தப் பேச்சாளர் சொன்ன 'போன் கொடுக்காதே'வுக்கு வருகிறேன். நிபுணர்களே இதில் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, இது சரியான வழி இல்லை என்று நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் அந்த நாட்டுப் பிரதமருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இந்தத் துறையில் பல காலம் ஆய்வு செய்யும் லண்டன் பேராசிரியர் சோனியா லிவிங்ஸ்டன் திரும்பத் திரும்பச் சொல்வது, ஆபத்து இருக்கிற இடமெல்லாம் கேடு நடந்துவிடுவதில்லை என்பது. எங்கள் பக்கம் நீச்சல் பழகும் பிள்ளையைச் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித்தான் கிணற்றில் இறக்குவார்கள், மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் பேச்சு அப்படித்தான் விளங்குகிறது. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் போனோடு கிடப்பதைத் தினம் கேள்விப்படுகிறவன் என்பதால், ஆஸ்திரேலியாக்காரன் செய்ததை முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (போனை விடவே முடியாத பிள்ளைகளுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் "அதெல்லாம் வேண்டாம் தம்பி, லாக் மட்டும் போடுங்க" என்கிறார்கள்.)

ஒன்றில் மட்டும் நான் படித்த அத்தனை பேரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்: சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தே பிள்ளைகள் சொல்லாமல் இருக்கிறார்கள். என் மருமகனும் அதனால்தான் அக்காவிடம் போகாமல் என்னிடம் 'ரிப்பேருக்கு' வந்தான். உங்கள் மகள் பள்ளிக்கு அடுத்த தடவை யாராவது பேச வந்தால், ஒரு பிள்ளை இப்படி வந்து நின்றால் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். 1098 என்றாவது வாயில் வருகிறதா பாருங்கள்.

படம் எங்கேயும் வந்ததாக இதுவரை தெரியவில்லை. ஆயிரத்து ஐந்நூறு திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவனே அக்காவிடம் சொன்னான், நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோனது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்தப் பணம் எங்க போச்சுன்னு சீட்டுக்காரிகிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்டா" என்றாள்.