மாநாட்டுக்கு ராமேஸ்வரம்: எந்த மாசம், எப்போ அறிவிக்கிறது?

வணக்கம் சார், உங்க சங்கத்தோட வருஷாந்திர மாநாட்ட நவம்பர்ல ராமேஸ்வரத்துல வச்சுட்டு ரெண்டு மாசம் முன்னாடி அறிவிச்சா போதுமான்னு கேட்டிருந்தீங்க. போதாது சார். அதோட நவம்பரே வேணாம், இங்க அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் உருவாயிட்டா பாம்பன்ல கூண்டு ஏத்திருவாங்க, 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியவே வாரிட்டுப் போன கடலு இது. பிப்ரவரி நல்லாருக்கும், ஆனா தை அமாவாசையும் சிவராத்திரியும் என்னைக்கு வருதுன்னு காலண்டர்ல பாத்துட்டு தேதி வைங்க, அந்த நாள்ல ரூம் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகும், பிளைட்டுன்னா மதுரைல இறங்கி மூணு மணி நேரத்துக்கு மேல ரோட்டுல வரணும், இதுக்கெல்லாம் முன்னாடி ஆபீஸ்ல லீவும் பயணச் செலவு அனுமதியும் வாங்கணும்ல. அதனால இந்த வருஷ மேடையிலயே அடுத்த ஊரையும் தேதியையும் சொல்லிருங்க சார்.