கும்மியை விட வேண்டாம், குதிப்பதை விடுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. கோபி பக்கத்தில் கிராமம். தலைப்பிரசவம், இப்போது ஐந்தாம் மாதம். இரண்டு வருடமாக எங்கள் ஊர்க் குழுவில் வள்ளி கும்மி ஆடுகிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் கோயில் நோம்பிக்கு அரங்கேற்றம். மாமியார் கும்மி மட்டுமல்ல, நடக்கவே வேண்டாம், படுத்திரு என்கிறார். அவருக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டதாம். என் அமுச்சியோ (அம்மாவின் அம்மா), "நாங்கெல்லாம் வலி வர்ற வரைக்கும் நாத்து நட்டோம், உனக்கென்ன?" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: படுத்தே இருக்க வேண்டாம். நடங்கள். கும்மியும் கொஞ்சம் ஆடலாம், அரங்கேற்றத்துக்கு மட்டும் இந்த முறை வேண்டாம். ஆனால் இதெல்லாம் உங்கள் கர்ப்பம் சிக்கல் இல்லாமல் இருந்தால்தான். அதனால் முதலில் செக்கப் அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "நான் உடற்பயிற்சி செய்யலாமா?" என்று நேராகவே கேளுங்கள். நச்சுக்கொடி கீழே இறங்கி இருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு, இதய நோய், இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தாலோ, அவர் சொல்வதுதான் முடிவு. ஹீமோகுளோபினையும் பாருங்கள். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே கூடாது, முதலில் சிகிச்சை.

உங்கள் மாமியார் மேல் கோபப்படாதீர்கள். ஒரு கருவை இழந்தவர் அவர். அன்றைக்குத் தண்ணீர்க் குடம் தூக்கியதால்தான் போச்சு, மாடு பிடித்துக் கட்டியதால்தான் போச்சு என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதை இத்தனை வருடமாக மனதில் சுமந்துகொண்டிருப்பார். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் குறையால் கலைபவை. நடந்ததாலோ வேலை செய்ததாலோ அல்ல. அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். இதை டாக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் ஒரு பாரம் இறங்கும்.

அமுச்சி சொல்வது பாதி உண்மை. கர்ப்பிணி உடம்பு கண்ணாடிப் பாத்திரம் இல்லை. ஆனால் நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நட்டது உழைப்பு, வேறு வழியில்லாத உழைப்பு. அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. நட்டுவிட்டு வந்து நல்லபடியாகப் பெற்றவர்களின் கதைதான் நம் காதுக்கு வந்திருக்கிறது. பெறமுடியாமல் போனவர்கள் யாரும் வந்து கதை சொல்லவில்லை.

இனி கும்மிக்கு வருவோம். நம் பக்கத்துப் பெண்கள் சாயங்காலமானால் மைதானத்துக்கு வந்து ஆடுவதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆண்கள் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அதனால் உங்களை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. கைதட்டி, அடவுக்கு ஏற்ப முன்னும் பின்னும் அடியெடுத்து வைப்பதில் தப்பில்லை. குதிப்பது, சட்டென்று சுற்றித் திரும்புவது, வேகமாகக் குனிந்து நிமிர்வது, இந்த மூன்றும்தான் வேண்டாம். வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடம்பின் சமநிலை மாறுகிறது. கர்ப்ப கால ஹார்மோன்களால் மூட்டுத் தசைநார்களும் தளர்ந்திருக்கும். பழகிய அடவுதானே என்று திரும்புவீர்கள், கால் பிசகிவிடும். கடைசி வரிசை ஓரத்தில், இடிபடாத இடத்தில் நின்று இருபது நிமிடம் ஆடிவிட்டு உட்காருங்கள். அரங்கேற்றம் அப்படியில்லை. மணிக்கணக்கில் வெறுங்காலோடு, கூட்ட நெரிசலில், பட்டுச் சேலையின் புழுக்கத்தில் ஆட வேண்டும். அப்போது உங்களுக்கு ஏழாம் மாதம். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தினசரிப் பயிற்சிக்கு நடையைப் போல எதுவும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. முதல் வாரம் பத்து பத்து நிமிடமாகக்கூட ஆரம்பிக்கலாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நடந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும். எவ்வளவு வேகம் என்றால், கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். வாய்க்கால் மேடு பார்க்க அழகுதான், ஆனால் ஈரமண் வழுக்கும். தார் ரோடோ, வீட்டு வாசலோ, மொட்டை மாடியோ போதும். வெயிலுக்கு முன்னால் நடந்துவிடுங்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும்.

இன்னொன்று, இனி மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி எதுவும் வேண்டாம். கர்ப்பப்பையின் கனம் முதுகுப் பக்கமாக இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலைசுற்றும். படுக்கையிலிருந்து எழும்போதும் நேராக எழாதீர்கள். ஒருக்களித்துத் திரும்புங்கள், கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள், கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். ஒரு மூச்சு விட்டுவிட்டு நில்லுங்கள்.

கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியில் தாங்கும் அடியிடுப்புத் தசைக்கும் ஒரு பயிற்சி உண்டு. வருகிற சிறுநீரை அடக்குவது போலத் தசையை உள்ளிழுத்து ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது, வயிறும் தொடையும் இறுகக் கூடாது. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று முறை. அடுப்படியில் பால் காயும்வரை நிற்கும்போதே செய்துவிடலாம். உண்மையாகவே சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்யாதீர்கள்.

நடக்கும்போதோ ஆடும்போதோ ரத்தம் பட்டாலும், பனிக்குட நீர் கசிந்தாலும், வயிறு விட்டு விட்டு இறுகி வலித்தாலும், தலைசுற்றல், கடும் தலைவலி, நெஞ்சுவலி வந்தாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லை என்றால் 108. இன்னும் சில வாரத்தில் குழந்தையின் அசைவு நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

நடந்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு உத்தரவாதம் கிடையாது. சிசேரியன் ஆனால் நீங்கள் சரியாக நடக்கவில்லை என்று அர்த்தமும் இல்லை. முதுகுவலி குறையும், எடை அளவோடு ஏறும், கர்ப்ப கால சர்க்கரைக்கான வாய்ப்பு குறையும். இவ்வளவு கிடைக்கிறதே.

குழந்தை பிறந்த பிறகு எப்போது மறுபடி கும்மிக்குப் போகலாம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். மெதுவான நடையைச் சில நாளிலேயே தொடங்கலாம். குதிக்கிற அடவுக்கு மூன்று மாதமாவது பொறுங்கள். சிசேரியன் என்றால் டாக்டர் தையலைப் பார்த்துச் சொல்லட்டும். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியாமல் இருந்தால் உங்கள் பழைய வரிசைக்கே போய் நில்லுங்கள்.