மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் பேசப்படும் பங்கிமே, அங்குள்ள டோகோன் இன மக்களின் மொழிகளில் ஒன்றா?

இல்லை. ஆனால் குழப்பம் நியாயமானதுதான். பண்டியாகரா மலைச்சரிவில் சில கிராமங்களில், சில ஆயிரம் பேரே பேசும் மொழி இது. பேசுபவர்கள் பங்கண்டே மக்கள். அவர்களே தங்களை டோகோன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். சுற்றிலும் இருப்பதும் டோகோன் ஊர்கள். அதனால் வெகுகாலம் இதையும் அந்தப் பட்டியலிலேயே போட்டுவிட்டார்கள்.

மொழி உறவைப் பார்க்க வேண்டிய இடம் வேறு. கை, கண், நீர், இறத்தல் போன்ற அடிப்படைச் சொற்களை நூறு இருநூறு சேகரித்து, ஒலிகள் ஒழுங்காக ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: அண்டை மொழியிலிருந்து வந்த கடன்சொற்களையும் கணக்கில் சேர்த்தால் இல்லாத உறவு முளைத்துவிடும். கடன்சொற்களைக் கழித்தால் பங்கிமே எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை. தனிமொழி என்பதே இன்றைய முடிவு.

இலக்கணமும் அதையே காட்டுகிறது. டோகோன் மொழிகளில் வினையோடு விகுதிகள் வரிசையாக ஒட்டும். பங்கிமேயில் ஒட்டுகள் மிகக் குறைவு. தாராளமாக வருபவை பன்மை ஒட்டும், சிறியது என்று காட்டும் சிறுமை ஒட்டும்தான். சொல்லின் சுரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாறினால் பொருளே மாறும் என்பதால், சுரத்தைக் குறிக்காமல் எடுத்த சொற்பட்டியல் பாதிதான் பயன்படும்.

இம்மொழியை ஆராய்ந்துவந்த ஸ்டெஃபான் எல்டர்ஸ் 2007இல் மாலியிலேயே இறந்தார். பெரிய இழப்பு அது. பின்னர் ஜெஃப்ரி ஹீத், அபி ஹான்ட்கன் இருவரும் எழுதிய விரிவான இலக்கணம் 2018இல் வெளிவந்தது. ஆழமாகப் படிக்க விரும்பினால் அதிலிருந்து தொடங்குங்கள்.